'செய்'யின் தாத்தா

தாமஸ் பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை (1961, திருத்திய பதிப்பு 1984) கதைப் புத்தகம் மாதிரிப் படிக்க முடியாது. டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். ஆனால் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் ஒருமுறையாவது புரட்ட வேண்டும். கொஞ்சம் வலிக்கும்.

'செய்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்திலும் செய், தெலுங்கில் சேயு. பழைய கன்னடத்தில் மட்டும் கெய். கன்னடத்துக்காரர் கோட்டை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னும் சில பக்கங்கள் பாருங்கள். நம் செவி அங்கே கிவி, சிறு அங்கே கிரு, சிவப்பு அங்கே கெம்பு. ஒரு தடவை என்றால் பிசகு. வரிசையாக வந்தால் விதி. அவர்கள்தான் சகரத்தைக் ககரமாக்கினார்கள் என்றால் நம் 'சேர்' ஏன் அங்கேயும் 'சேரு'? ஆக, மாறியது நாம்தான். இ, எ-வுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாகிவிட்டது. அடுத்து ட, ள, ழ வந்தால் தப்பித்தது: கெடு, கிளி, கிழி. தெலுங்கில் அந்தச் சலுகைகூட இல்லை: செடு, சிலுக.

இங்கிலீஷிலும் இதே கூத்து. முகவாய்க்கட்டை ஜெர்மனில் 'கின்', இங்கிலீஷில் 'சின்'. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

'செய்'யின் தாத்தா 'கெய்' என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். எழுத்தில் அகப்படாத, கணக்குப் போட்டுப் பிடித்த வடிவம் என்று அர்த்தம். பர்ரோவும் எமனோவும் இதைப் போடாமல் சொற்களை மட்டும் அடுக்கிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். 1961-ல் அது ஜாக்கிரதை. 1984-லும் அப்படியே விட்டது, என்னைக் கேட்டால், சோம்பல். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-ல் எழுதிய புத்தகத்தில்தான் மூல வடிவங்கள் துணிச்சலாக வருகின்றன. பாவாணர் 1974-ல் முதல் இயக்குநராக இருந்து தொடங்கிய தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியில் சொல்வளம் அபாரம். ஆனால் தமிழே மூலம் என்று முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் சாட்சி தேடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை.

கையால் செய்வதால் 'செய்' என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். தெலுங்கில் கை 'சேயி' என்பதால் ஆசை இன்னும் கூடும். ஒரே வேர் என்றால் தமிழில் கையும் 'செய்' ஆகியிருக்க வேண்டுமே! அகராதி இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது.

இன்னொரு 'செய்' உண்டு. உப்பிலியபுரத்தில் நிலம் வாங்கினால் பத்திரத்தில் நஞ்சை, புஞ்சை என்று எழுதுவார்கள். நன்செய், புன்செய் என்பதன் தேய்வு அது. செய் என்றால் வயல். கன்னடத்தில் வயலும் கெய்தான்.