செலவும் வரவும்

1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடிவரும் கடற்கரை–தாம்பரம் தடத்தில், பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தினந்தோறும் ஒலிக்கிற சாதாரண வாக்கியங்களைச் சிரத்தையோடு கேட்பவர்க்கு, நம் பாஷையின் சூட்சுமமான அழகொன்று புலப்படும். ஆங்கிலமோ 'டேக் இட் அவுட்' என்று, வினைக்கும் திசை காட்டும் சொல்லுக்கும் நடுவே பிரதிப்பெயரை அமர்த்தி, அசைவின் போக்கைத் தெளிவாகச் சித்திரிக்கிறது. தமிழோ திசையை எச்சத்தில் வைத்து, பேசுவோன் நிற்குமிடத்தை முற்றுவினையிலேயே பதித்துவிடுகிறது. 'இறங்கி வாங்க' என்று அழைப்பவர் நடைமேடையில் நிற்கிறார். 'இறங்கிப் போங்க' என்று வழிவிடுபவர் பெட்டிக்குள் இருக்கிறார். வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்த நெறி, இலக்கணமே பயிலாதவர் நாவிலும் பிசகாமல் ஜீவித்திருப்பது மகத்தான பாக்கியமன்றோ!