பாலத்தில் நின்ற சாப்பர்

"கிரீஸ் தேசத்துச் சண்டையை ஆராய்ச்சி பண்ணுதீராமே! வடகரையில இருந்துக்கிட்டு உமக்கு வேற ஜோலி இல்லையாவே?" என்று தென்காசி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சரித்திரத்தில் பட்டம் வாங்கினவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டையா இருந்தார். சென்னை சாப்பர் படையில் பாலம் கட்டிவிட்டு வந்தவர். கிரீஸ் என்ற பெயரைப் பூகோளப் புத்தகத்துக்கு முன்னால் அவர் வாயால்தான் கேட்டேன். அவரை வைத்து நாவல் எழுதப் புகுந்தபோது இந்தப் புத்தகங்களைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

விஷயம் இதுதான். 1944 அக்டோபரில் ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டுப் போனார்கள். மலைகளில் நின்று அவர்களை எதிர்த்த எலாஸ் கொரில்லாக்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அரசாங்கத்தைத் தாங்கிப் பிடித்த பிரிட்டிஷாரும் இரண்டு மாதம்கூட ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டது. தெருவுக்குத் தெரு யுத்தம் மூண்டது. இத்தாலியில் ஜெர்மானியரோடு மோதிய 4-வது இந்திய டிவிஷன் அந்தக் குளிர்காலத்தில் கிரீஸில் இருந்தது. சென்னை சாப்பர்களின் 12-வது ஃபீல்டு கம்பெனி அந்த டிவிஷனைச் சேர்ந்தது. 1945 பிப்ரவரியில் வார்கிஸா என்ற இடத்தில் சமாதானம் எழுதினார்கள். அது நிலைக்கவில்லை. 1946 முதல் 1949 வரை அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டார்கள். நடுவில், 1947-ல், செலவு தாங்காமல் இங்கிலாந்து அந்தச் சுமையை அமெரிக்காவின் தலையில் இறக்கிவைத்தது.

சர்ச்சில் தம்முடைய யுத்த சரித்திரத்தின் ஆறாவது பாகத்தில் (1953) இதைச் சொல்கிறார். எனக்கு அவர் அரசியல் பிடிக்காது. எழுத்து பிடிக்கிறது, என்ன செய்வது? ஸ்டாலினோடு உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிரீஸில் தமக்குத் தொண்ணூறு சதவிகிதம் என்று கணக்குப் போட்டதை அவரே எழுதுகிறார். பிடிபட்ட ஊரில் கலகம் நடந்தால் எப்படி நடப்பாரோ அப்படி நடந்துகொள்ளும்படி தளபதி ஸ்கோபிக்குத் தந்தி அடித்ததையும் ஒளிக்கவில்லை. எந்த நாவலாசிரியனும் பொறாமைப்பட வேண்டிய துணிச்சல். ஆனால் அந்தத் தந்தியை நிறைவேற்றப் போன கைகள் எந்த ஊர்க் கைகள் என்ற கேள்வி அவருக்கு உறைக்கவே இல்லை. அடிமை தேசத்துச் சிப்பாயைக் கொண்டு இன்னொரு தேசத்தை வழிக்குக் கொண்டுவருவதில் உள்ள விசித்திரம் அவர் பேனாவுக்குத் தட்டுப்படவில்லை.

ஸ்டீவன்ஸ் என்பவர் 1948-ல் எழுதிய அந்த டிவிஷனின் சரித்திரத்துக்கு நம்மவர்மேல் பிரியம் உண்டு. பிரியம் அதிகாரியின் பிரியம். சிப்பாய் வருகிறான், வீரமாக நடக்கிறான், போகிறான். அவனுக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. ஏதென்ஸ் பக்கத்தில் ஃபாலிரோன் யுத்த மயானத்தில், மத ஆசாரப்படி தகனம் செய்யப்பட்ட இந்தியர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. கல்லில் பெயராவது இருக்கிறது.

மறுபுறம், கொரில்லாக்கள் சுட்டுக் கொன்ற தம் தாயைப் பற்றி நிக்கோலஸ் கேஜ் எழுதிய 'எலெனி' (1983) இருக்கிறது. வழக்காளியே நீதிபதியாகவும் உட்காரும் புத்தகம் என்று அதைக் குறை சொல்லலாம். ஆனாலும் மனுஷர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். மேலே சொன்ன இருவரும் செய்யாத வேலை அது.

இவ்வளவு பேரைக் குறை சொன்ன நான் என்ன செய்தேன்? என் சாப்பர் பாலத்தின்மேல் நின்றுகொண்டு, "நாமே அடிமைகள், இவர்களை அடக்க நாமா?" என்று ஒன்றரைப் பக்கம் பொருமுகிறான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்த மயக்கம். அதில் பாண்டியன் பேசலாம். அவன் தானாக ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவன், பேசப் பிறந்தவன். எங்கள் பாட்டையா சம்பளத்துக்குப் போனவர். குளிரைப் பற்றிக் கேட்டால், "ஐந்தருவித் தண்ணிய ராத்திரி பூரா மேல ஊத்துன மாதிரி" என்பார். சண்டையைப் பற்றிக் கேட்டால், "ஜெர்மன்காரன் பாலத்த ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டான், நாங்க கட்டுனோம். அதுமேல எவன் போனான், எவன் வந்தான்னு நமக்கென்னலே தெரியும்?" என்பார்.

ஒரே ஒரு தரம் வேறு மாதிரி சொன்னார். மேக்கரை மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்த சாயங்காலம். பாலத்தில் வேலை நடக்கையில் ஒரு கிழவி விறகுக் கட்டோடு வந்தாளாம். இவர் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார். அவள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாளாம்.

"ஏன் பாட்டையா?"

"எனக்கென்னலே தெரியும்? பாஷை தெரியாதுல்லா."

சொல்லிவிட்டு வெகுநேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கிழவி வந்திருக்கிறாள், விறகுக் கட்டும் வந்திருக்கிறது. அவள் போன பிறகு சாப்பர் என்ன செய்தான் என்பதில் பத்து நாளாக நிற்கிறேன். இப்போதைக்குக் குனிந்து போல்ட்டை முறுக்குகிறான்.