ஒட்டு வேட்டி

காரைக்குடிக் கல்யாண வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி இறங்குகிறவர் முதலில் தொட்டுப் பார்ப்பது இடுப்பைத்தான். வழியெல்லாம் காற்றில் படபடத்த வேட்டி நெகிழவே இல்லை. வேட்டியின் இடுப்பில் தைத்த ஒட்டுப் பட்டையைச் ‘சர்ர்’ரென்று பிரித்து, ஒரு விரலளவு இறுக்கி, அழுத்திவிட்டு உள்ளே போகிறார்.

அந்தப் பட்டையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சொரசொரக்கும் நைலான் கொக்கிகள். மறுபக்கம் மெத்தென்ற குட்டி வளையங்கள். இழுத்தால் வராது, ஓரத்திலிருந்து உரித்தால் வந்துவிடும். தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்த்த சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யோசனை இது. நம்மூர் வரப்பில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்ளும் நாயுருவியும் லேசுப்பட்டதில்லை!

பந்தியில் குனிந்து பரிமாறுகிறவருக்கு இப்போது இரண்டு கையும் வாளிக்கும் கரண்டிக்கும்தான்.