திறமூல இயங்குதளமும் மடிக்கணினியின் வைஃபை அட்டையும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளமாகும். திறமூல மென்பொருளைப் பள்ளி மாணவரின் கைக்கே கொண்டு சேர்த்த முயற்சி என்ற அளவில் இது பாராட்டத்தக்கது. எனினும், கணினியில் லினக்ஸ் நிறுவப்பட்டிருப்பது வேறு. மாணவர் பின்னர் விரும்பி நிறுவும் எந்த லினக்சிலும் அக்கணினி முழுமையாக இயங்குவது வேறு. இவ்வேறுபாடு பெரும்பாலும் வைஃபை அட்டையில்தான் வெளிப்படுகிறது.

சிக்கலின் வேர்

வைஃபை சில்லு இயங்க, கெர்னலில் அதற்கான இயக்கி வேண்டும். பல சில்லுகளுக்கு அதனுடன் நிலைபொருளும் வேண்டும். இன்டெல் அட்டைகளின் இயக்கி திறமூலம், நிலைபொருளோ மூடியது. பிராட்காம் 2010இல்தான் தன் சில சில்லுகளுக்குத் திறமூல இயக்கியை வெளியிட்டது. கட்டற்றவை அல்லாத நிலைபொருள்களை டெபியன் 2011இல் கெர்னலிலிருந்து நீக்கியது. 2023இல் வந்த டெபியன் 12 முதலே அவை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில், வைஃபை இயங்க நிலைபொருளைப் பதிவிறக்க வேண்டும். பதிவிறக்க வைஃபை வேண்டும் என்ற முரண் பலரைத் தடுத்தது. கொள்கை அளவில் டெபியனின் நிலைப்பாடு நேர்மையானது. ஆனால் அதன் சுமை புதிதாகப் பழகுபவர் மீதே விழுந்தது.

புதிய அட்டை, பழைய கெர்னல் என்ற பொருத்தமின்மையும் உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டைக்குக் கெர்னல் 5.10 தேவை. உபுண்டு 20.04 முதலில் வெளிவந்தபோது அதிலிருந்தது 5.4.

கடையில் கவனிக்க வேண்டியவை

"டாஸ்" என்று குறித்து விற்கப்படும் கணினி லினக்சுக்கு ஏற்றது எனப் பலர் கருதுகின்றனர். விண்டோஸ் உரிமம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். விவரத்தாளில் உள்ள "வைஃபை 6" என்பதும் சில்லின் பெயரைச் சொல்வதில்லை. ஒரே மாதிரியிலும் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும்.

ஆகவே, பட்டினப்பாக்கத்திலிருந்து ரிச்சி தெருவுக்குச் சென்று வாங்கும் மாணவர், தாம் நிறுவ எண்ணும் லினக்சைப் பென்டிரைவில் எடுத்துச் செல்வது நல்லது. கடைக்காரரின் இசைவுடன் நிறுவாமலே அதை இயக்கி, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுடன் இணைத்துப் பார்க்கலாம். "எல்எஸ்பிசிஐ" கட்டளை சில்லின் பெயரைக் காட்டும். எண்களையும் காட்டச் செய்தால், 8086 என்பது இன்டெலைக் குறிக்கும். அட்டை கழற்றக்கூடியதா, பலகையில் பற்றவைக்கப்பட்டதா என்றும் கேட்டறிய வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் பெற்று, நிலைபொருளை நிறுவ முயலலாம்.

மதிப்பீடு

வைஃபை இயங்காத மாணவர் சில்லைக் குறை கூறுவதில்லை. "லினக்ஸ் சரியில்லை" என்று விண்டோசுக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டு இயங்குதளங்களைத் தருவதால் மட்டும் தேர்வுரிமை கிடைத்துவிடாது. பொதுப்பணத்தில் கணினி வாங்கும் அமைப்புகள் இயங்குதளத்தின் பெயரோடு, பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே இயக்கி உள்ள வைஃபை சில்லையும் ஒப்பந்தப் புள்ளியில் கட்டாயமாக்க வேண்டும். தனியாக வாங்குவோர் பணம் செலுத்தும் முன்பே சில்லின் பெயரைக் கேட்க வேண்டும்.