கையால் சாய்க்கும் டிரெய்லர்: ஆறடித் தொட்டி போதும்

சாய்வு டிரெய்லர் என்பது, ஹைட்ராலிக் உதவியின்றித் தொட்டியைக் கையாலேயே பின்பக்கம் சாய்த்துச் சுமையைக் கொட்டும் இரு சக்கர வண்டி. மினி டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயி எரு, மண், தேங்காய் மட்டை, தீவனம் போன்றவற்றைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக இது போதுமானது. பம்பு, ஹோஸ், சிலிண்டர் எதுவும் கிடையாது என்பதால் செலவில் பெரும்பங்கு இரும்பின் எடைக்கே போகிறது. இரும்பு விலை அடிக்கடி மாறும். ஆகவே பட்ஜெட்டை ரூபாயில் தொடங்காமல் கிலோவில் தொடங்குவது நல்லது. இங்கே விவரிக்கும் அளவுகளில் வண்டியின் மொத்த எடை 250 கிலோ அளவில் நிற்கும். சுமை 400 கிலோ.

மொத்தத்தில் மலிவான பாகம் தொட்டியைத் தாங்கும் கீல். வண்டி உருப்படுமா என்பதும் அதன் இடத்தைப் பொறுத்ததுதான். பட்டறைகளில் இதைக் கண்ணளவாக வைத்துவிடுகிறார்கள். பிறகு தொட்டி சாயவில்லை என்றோ, சாய்ந்தும் சரக்கு இறங்கவில்லை என்றோ குறை எழுகிறது. இரண்டு குறைகளும் ஒரே கணக்கிலிருந்து வருபவை.

இரும்புத் தகடு 8×4 அடியில் கிடைப்பதால் தொட்டியையும் எட்டடியாக அமைக்கவே எவருக்கும் தோன்றும். கீலின் உயரம் தரையிலிருந்து 20 அங்குலம் என்று கொள்வோம். தூக்குவது எளிதாக இருக்கட்டும் என்று தொட்டியின் நடுவிலிருந்து 8 அங்குலம் மட்டும் பின்தள்ளிக் கீலை வைத்தால், கீலுக்குப் பின்னால் 40 அங்குலம் நீண்டிருக்கும். சாயும்போது அந்த வால் 30 டிகிரியிலேயே தரையைத் தொட்டுவிடும். உலர்ந்த மணல் சரியவே அந்தச் சாய்வு பற்றாது. ஈர மண் அசையாது. சாய்வு 45 டிகிரி வேண்டும் என்று வாலை 28 அங்குலமாகக் குறைத்தால் சுமையின் நடுப்புள்ளி கீலுக்கு 20 அங்குலம் முன்னால் போய்விடும். அப்போது தொட்டியின் முன்விளிம்பைத் தூக்க 150 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். அது கையால் ஆகிற காரியமல்ல.

தொட்டியை ஆறடியாகக் குறைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. கீலுக்குப் பின்னால் 28 அங்குலம், முன்னால் 44 அங்குலம். நடுப்புள்ளி கீலுக்கு 8 அங்குலம் மட்டுமே முன்னால் இருக்கும். சாய்வு 45 டிகிரி கிடைக்கும். 400 கிலோ சுமையும் தொட்டியின் சொந்த எடை 130 கிலோவும் சேர்ந்தால் முன்விளிம்பில் தேவைப்படும் விசை 96 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், ஆனால் இடுப்பு தாங்காது. தொட்டியின் முன்மூலைகளில் பைப்புத் துண்டுகளைப் பற்றவைத்து, கொட்டும் நேரத்தில் மட்டும் அவற்றுள் இரண்டரை அடிக் குழாய்களைச் செருகிக்கொண்டால் தேவை 57 கிலோவாக இறங்கிவிடும். ஆளுக்கு 29 கிலோ.

கீல், சக்கர அச்சுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அச்சிலிருந்து கொக்கிவரை 80 அங்குலம் விட்டால் டிராக்டர் கொக்கியின் மேல் 53 கிலோ அழுத்தும். சுமையும் தொட்டியும் சேர்ந்த எடையில் இது பத்தில் ஒரு பங்கு. இழுவண்டி ஆடாமல் வருவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விகிதமும் அதுதான். கீல் அச்சுக்குப் பின்னால் போனால் கொட்டும்போது கொக்கி மேலே எழும்பி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கும்.

ஆறடியாக வெட்டுவதால் தகடும் வீணாவதில்லை. 3 மில்லிமீட்டர் தகட்டில் 6×4 தரைக்குப் போக, மிஞ்சும் 2×4 துண்டை இரண்டாகப் பிளந்தால் ஓரடி உயரத்தில் முன்தட்டும் பின்கதவும் கிடைத்துவிடும். பக்கங்களுக்கு 2 மில்லிமீட்டர் தகடு போதும். தகட்டின் ஓரத்தைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும். ஆறங்குலத்துக்கு ஒருமுறை இரண்டங்குலம் வீதம் விட்டுவிட்டுப் பற்றவைப்பதே முறை. பின்கதவின் கீல்களை மேல்பக்கம் வைக்க வேண்டும். தாழ்ப்பாளை எடுத்ததும் சரக்கே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

தொட்டியின் கீலுக்கு 40 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியும் ஒன்றரை அங்குல பி கிளாஸ் பைப்பும் ஏறக்குறையப் பொருந்தும். பைப்பின் உள்ளே நீளவாட்டில் ஓடும் வெல்டிங் தழும்பை அரத்தால் ராவி எடுக்காவிட்டால் கம்பி நுழையாது. ராவிய பிறகும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். மெதுவாக, எப்போதாவது சுழலும் கீலுக்கு அது குற்றமில்லை. கிரீஸ் நிப்பிள் இருந்தால் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைத் தவிர்ப்பது நலம்: பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அச்சு விஷயத்தில் சிக்கனம் ஏமாற்றக்கூடும். 1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது; அதன் பின் அச்சில் கியர் எதுவும் இல்லாததால் டிரெய்லருக்கென்றே செய்ததுபோல் தோன்றும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் இத்தகைய அச்சுகளைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் ஆட்களோடு சேர்த்தே ஏறத்தாழ ஒரு டன் வரும் காரின் பின்பாதியைத் தாங்க அமைந்தது அது. இங்கே வண்டியும் சுமையுமாக 650 கிலோ வருகிறது. சற்றுச் செலவானாலும் 50 மில்லிமீட்டர் சதுரக் கம்பியின் இரு முனைகளையும் லேத்தில் கடைந்து, சிறு லாரியின் ஹப்பையும் பேரிங்கையும் மாட்டுவதே சரி. டாடா ஏஸ் வகை வண்டிகளின் 145 ஆர் 12 டயர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை டன் தாங்கும். சக்கரங்கள் தொட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். அடியில் வைத்தால் சாயும்போது தொட்டி டயரில் உரசும்.

வேலையில் இந்த வண்டியின் குணம் சரக்குக்குச் சரக்கு மாறும். மக்கிய எருவும் உலர்ந்த மணலும் ஒரே சாய்ப்பில் இறங்கும். ஈரக் களிமண் ஒட்டிக்கொள்ளும், மண்வெட்டி வேண்டும். பாதி கொட்டியதும் குவியல் வாலை அடைக்கும்போது டிராக்டரை இரண்டடி முன்னே நகர்த்தினால் மீதி இறங்கிவிடும். எருவை உயரமாகக் குவித்திருந்தால் 40 டிகிரியைத் தாண்டியதும் எடை பின்பக்கம் மாறி, தொட்டி தானாகவே சடாரென்று கவிழும். அதனால் சங்கிலித் தடுப்பு அவசியம். கொக்கியைக் கழற்றிவிட்டுக் கொட்டவே கூடாது. காலித் தொட்டி தன் எடையாலேயே திரும்பி வந்து அமரும், விரல் இருந்தால் நசுங்கும். அடியில் கிரீஸ் வைக்கக் குனிபவர் முதலில் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி. விளிம்புவரை மணல் நிரப்பினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். 400 கிலோ என்பது நாலரை அங்குல உயரத்துக்குத்தான் வரும். அந்த மட்டத்தில் உட்புறம் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுவது நல்லது. பிரேக் இல்லாத வண்டி என்பதால் சரிவான வழிகளில் அந்தக் கோட்டுக்கும் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் மணலும் ஜல்லியும் ஏற்றுபவருக்கு இது ஏற்றதல்ல. அவர் ஹைட்ராலிக் டிப்பர் வாங்குவதே லாபம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே என்பதால், பதிவு செய்யாத வீட்டுத் தயாரிப்பைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. தோட்டத்து வேலிக்குள் எரு ஏற்றுபவருக்கு ஆறடித் தொட்டி கொடுத்த காசுக்கு உழைக்கும்.