ஆட்டிச ஆய்வில் சுண்டெலிகளின் நடத்தையைக் கணினி அளத்தல்: ஒரு மதிப்பீடு

ஆட்டிசத்துடன் தொடர்புடைய ஒரு மரபணுவைச் சுண்டெலியில் செயலிழக்கச் செய்து, அதன் நடத்தை எப்படி மாறுகிறது என்று கவனிப்பது நரம்பியலில் பரவலான ஆய்வு முறை ஆகும். நீண்ட காலம் இதை மனிதர்களே பார்த்துக் குறித்தனர். ஒருவர் கண்ணில் படுவது மற்றவர் கண்ணில் படாமல் போகலாம். ஆய்வகச் சூழலும் முடிவை மாற்றும். 1999இல் ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாந்து ஆகிய மூன்று ஊர்களின் ஆய்வகங்கள் ஒரே வகை எலிகளை ஒரே முறையில் சோதித்தும் சில முடிவுகள் வேறுபட்டன.

கணினிவழிப் பகுப்பாய்வு இக்குறையின் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட மோசெக் முறை, ஆழத்தை அளக்கும் கேமராவால் எலியைப் பதிவுசெய்து, அதன் அசைவுகளை நொடிக்கும் குறைவான துண்டுகளாகப் பிரிக்கிறது. சொல்லில் அசைகள் போல, நடத்தையில் இத்துண்டுகள். 2018இல் வந்த டீப்லேப்கட், மூக்கு, பாதம், வால் போன்ற உறுப்புகளின் இடத்தைக் காணொளியில் பின்தொடர்கிறது. கணினி களைப்படைவதில்லை, எலி சுறுசுறுப்பாக இருக்கும் இரவு முழுவதும் பதிவுசெய்யும்.

ஆனால் அசைவை அளப்பது வேறு, அதற்குப் பொருள் சொல்வது வேறு. ஷாங்க்3 மரபணு குறைபட்ட எலிகள் தோல் புண்ணாகும் அளவுக்குத் தம்மைத் தாமே வருடிக்கொள்வதாக 2011இல் அறியப்பட்டது. இதை ஆட்டிசத்தின் 'திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை'க்கு இணையாகக் கொள்கின்றனர். எலி அரிப்பாலும் பதற்றத்தாலும்கூட அப்படிச் செய்யும். மற்றோர் எலியை அது நெருங்காவிட்டால் காரணம் ஆர்வமின்மையா, அச்சமா, மோப்பக் குறைவா? கேமராவுக்கு வாசனை தெரியாது. பெயர் சூட்டுபவர் இன்னும் மனிதர்தான்.

இந்த இடைவெளியின் விலை பெரிது. ஃபிராஜைல் எக்ஸ் குறைபாட்டின் எலி மாதிரிகளில் எம்குளூஆர்5 ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் நல்ல பலன் காட்டின. அவ்வகையைச் சேர்ந்த மாவோகுளூரன்ட் மனிதச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 2014இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. நம்பிக்கையோடு பங்கேற்ற குடும்பங்களுக்கு அது ஏமாற்றம். அளவுகோல் எவ்வளவு துல்லியமானாலும், அளக்கப்படுவது மனிதரின் சிக்கல்தானா என்ற கேள்விக்கு அது விடை தராது.

எனவே இத்துறைக் கட்டுரைகள், கணினி கண்ட அசைவையும் அதை ஆட்டிசம் என்று கொள்வதற்கான காரணத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். படிக்கும் மாணவர் இரண்டாவதையே கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.