கயிறு 250 கிலோ தாங்கும், பக்கிள்?

காஞ்சிபுரத்தில் மணிக்கட்டில் கயிறு இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோயிலில் கட்டிய சிவப்பு, திருஷ்டிக்குக் கறுப்பு, வேண்டுதலுக்கு மஞ்சள் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். சில வருடங்களாக அந்த வரிசையில் தடிமனான ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறும் பையன்கள், புல்லட் ஓட்டுகிறவர்கள், என்சிசி மாணவர்கள் கையில் அதைப் பார்க்கலாம். பச்சையிலோ கறுப்பிலோ நெருக்கி முடிச்சுப் போட்ட பட்டை. பூட்டிக்கொள்ள, பள்ளிப் பையில் வரும் அதே பிளாஸ்டிக் கிளிப். பெயர் பாராகார்ட் பிரேஸ்லெட். ஆபத்தில் அவிழ்த்தால் உயிரையே காப்பாற்றும் என்று சொல்லி இணையக் கடைகளில் விற்கிறார்கள்.

பின்னி முடித்ததை வாங்காமல், நாமே பின்னிக்கொள்ளும் கிட் ஒன்றை வரவழைத்தேன். பல நிறங்களில் கயிற்றுக் கட்டுகள், ஒரு பை நிறைய பக்கிள், அளவு குறித்த மரச்சட்டம், கயிற்றைக் கோக்க ஒரு மொண்ணை ஊசி. கூடவே விசில், திசைகாட்டி, தீக்கல் மூன்றும் ஒன்றாக வைத்த 'சர்வைவல்' பக்கிள் ஒன்று.

முதலில் கயிறு. பாராகார்ட் என்பது பாராசூட்டின் துணிக்குடையையும் குதிப்பவரின் கச்சையையும் இணைக்கும் கயிறு. அதில் அதிகம் புழங்குவது 550 என்ற ரகம். 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ எடை ஏறும்வரை அறாது என்பதால் அந்தப் பெயர். வெளியே நெய்த உறை, உள்ளே ஏழு இழை. அமெரிக்க ராணுவத் தரத்தில் ஒவ்வோர் இழையும் மூன்று புரி கொண்டு முறுக்கியது. தனியே உருவினால் ஓர் இழையே 15 கிலோவுக்கு மேல் தாங்கும். 1997 பிப்ரவரியில் ஹப்பிள் தொலைநோக்கியின் வெப்பத் தடுப்புப் போர்வை கிழிந்திருப்பதைப் பார்த்த டிஸ்கவரி விண்கல வீரர்கள், கையிலிருந்த பொருள்களை வைத்தே ஒட்டுப் போட்டார்கள். அந்தக் கைவேலையில் பாராசூட் கயிறும் இருந்தது.

பட்டு ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இதில் உண்டு. ஒரு காலத்தில் பாராசூட் பெரும்பாலும் பட்டில்தான் செய்யப்பட்டது. உலகத்துக்குப் பெருமளவு பட்டு கொடுத்தது ஜப்பான். இரண்டாம் உலகப் போரில் அந்த வழி அடைபட்டதும் அமெரிக்கா நைலானைக் கையிலெடுத்தது. டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய செயற்கை இழை அது. 1940இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்து, அமெரிக்கா போரில் இறங்கியதும் வானத்துக்குப் போனது. அடலின் கிரே என்ற பெண் 1942 ஜூனில் நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டினார். அதே போர்க்காலத்தில் இங்கே மைசூர்ப் பட்டுக்குப் பாராசூட்டுக்காகவே கிராக்கி எழுந்தது. இன்று காஞ்சித் தறிகளுக்கும் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் பட்டு வருகிறது. கான்பூரில் 1941இல் தொடங்கிய பாராசூட் தொழிற்சாலை 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா என்ற பெயரில் நடக்கிறது. ஆக, கையில் மாட்டும் இந்த நைலான், பட்டின் வேலையைப் பறித்துக்கொண்ட பங்காளி.

சரி, கிட்டில் வந்தது நைலான்தானா? இங்கே பட்டை எப்படிச் சோதிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் முடி கருகிய வாடை வர வேண்டும், சாம்பல் விரலில் பொடிய வேண்டும். பாராகார்டுக்கும் அதே வழிதான், விடை மட்டும் வேறு. நைலான் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். ஆனால் பாலியெஸ்டரும் உருகத்தான் செய்யும். கறும்புகை கூடுதலாக வரும். பாலிப்ரொப்பிலீனைப் பிடிப்பது சுலபம்: ஒரு டம்ளர் தண்ணீரில் துண்டைப் போட்டு, காற்றுக் குமிழ் போக நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். என் கிட்டில் கறுப்பும் ராணுவப் பச்சையும் மூழ்கின. பளபளவென்றிருந்த ஆரஞ்சு மிதந்தது. அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஏழு இழையும் இல்லை, முறுக்காத பஞ்சுத் திரி போல ஏதோ அடைத்திருந்தது. பெட்டியின் மேல் மட்டும் மூன்றுக்கும் பொதுவாக 550 என்று அச்சிட்டிருந்தார்கள். கயிறு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்குமுன் ஒரு நுனியை அறுத்து உள்ளே எண்ணிப் பாருங்கள்.

பின்னுவது கடினமில்லை. மணிக்கட்டின் சுற்றளவோடு ஓர் அங்குலம் கூட்டினால் காப்பின் நீளம். ஓர் அங்குலக் காப்புக்கு ஓர் அடிக் கயிறு என்பது கணக்கு. எட்டு அங்குலக் காப்புக்கு ஒன்பது, பத்து அடி வெட்டிக்கொண்டால் தைரியமாக உட்காரலாம். கயிற்றைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு வளையத்தைப் பக்கிளின் ஒரு பாதியில் நுழைத்து, இரு நுனிகளையும் அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்க வேண்டும். நுனிகளைப் பக்கிளின் மறு பாதியில் கோத்துத் திருப்பினால் நடுவில் இரண்டு கயிறு நேராக ஓடும். அதுதான் பாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி இடக் கயிறு நடுக்கயிறுகளின் மேலே போகும்; வலக் கயிறு அதன் வாலுக்கு மேலே வந்து, நடுவுக்கு அடியில் புகுந்து, இடப்பக்கத்து வளையத்தின் வழியே வெளியே வரும். இறுக்கு. அடுத்த முடிச்சுக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்கு. இப்படிப் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டால் பட்டை தட்டையாக வளரும். மாற்ற மறந்தால் முழுவதும் திருகிக்கொள்ளும். அதையும் அழகு என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்குக் கோப்ரா பின்னல் என்று பெயர். அதன் மேலேயே இன்னொரு சுற்று பின்னினால் கிங் கோப்ரா. கயிறு இரட்டிப்பு, கனமும் இரட்டிப்பு. காஞ்சி வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு திரிவது தண்டனை.

எங்கள் தெருவில் ஒயர் கூடை போடும் அக்கா ஒருவர் சட்டத்தை வாங்கிப் பார்த்தார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எல்லா முடிச்சும் அவர் கைக்குப் பழக்கம். "இது என்ன தம்பி, அரைஞாண் கயிறு மாதிரி இருக்குது" என்றவர், பாதியில் விட்டிருந்த என் பட்டையை எடுத்துக்கொண்டார். கூடை முடிச்சும் இதுவும் வேறு வேறு. ஆனாலும் என் முடிச்சுகள் ஒன்று பெருத்து ஒன்று இளைத்துக் கிடக்க, அவர் போட்ட பகுதி அளவெடுத்தது போல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பு இழுக்கிறார், அவ்வளவுதான். சட்டத்தில் குறித்திருக்கும் அளவுகோலும் ஊசியும் அந்த இழுப்பைத் தந்துவிடாது. "கட்டை எதுக்கு, காலு கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டா போதாதா?" என்று அவர் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. பலகையில் இரண்டு ஆணி அடித்தால் அதே வேலை நடக்கும்.

நுனியை உருக்கி ஒட்டுவதுதான் கடைசி வேலை, கவனம் தேவைப்படுவதும் அதில்தான். உருகிய நைலான் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினாலும் போகாது. விரலால் தட்டாதீர்கள், கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். பிள்ளைகள் பின்னட்டும், லைட்டர் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இரண்டு நிறக் காப்பில் இன்னொரு சிக்கல். இரு கயிறுகளின் நுனியை உருக்கி ஒன்றோடொன்று ஒட்டச் சொல்கிறது கிட்டின் செய்முறைத் தாள். இந்த ஊரில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி, ஊடைக்குள் ஊடை பூட்டிக் கோர்வை போடுகிறார்கள். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பது அதற்கான பேர். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வெறும் ஒட்டு உறுத்துகிறது. இழுத்தபோது பிரிந்ததும் அங்கேதான். ஒரு கயிற்றின் நுனியில் ஓர் அங்குலத்துக்கு உள்ளிழைகளை உருவிவிட்டு, மற்றக் கயிற்றை அந்த உறைக்குள் நுழைத்து, நாலு தையல் போட்ட பிறகு உருக்கினால் நிற்கிறது. அந்த மூட்டு பக்கிளின் வளையத்துக்குள் மறையும்படி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தலைப்புக்கு வருவோம். முடித்த காப்பைத் தாழ்வாரத்து ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, பூட்டிய பக்கிளில் பாரம் விழும்படி 20 லிட்டர் வாட்டர் கேனைத் தொங்கவிட்டேன். அசையாமல் இருந்தவரை தாங்கியது. கேனைச் சற்றே தூக்கி விட்டதும், அந்தக் குலுக்கலில், பக்கிளின் ஒரு பல் வழுக்கி வெளியே வந்துவிட்டது. கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 250 கிலோ என்பது கயிற்றின் கணக்கு, அதுவும் ஆடாமல் அசையாமல் ஏற்றும் பாரத்துக்கு, முடிச்சு விழாத கயிற்றுக்கு. முடிச்சு விழுந்த இடத்தில் வலு குறையும், சமயத்தில் பாதியாகக்கூட. காப்பாக மாட்டியிருக்கும்போது அதன் பலம் பக்கிளின் இரண்டு பிளாஸ்டிக் பல்லின் பலம். ஆகவே இதில் ஆளைத் தொங்கவிடுவது, மலையில் இறங்குவது, கிணற்றில் இறங்குவது எதுவும் கூடாது. அவிழ்த்த பாராகார்டுக்கும் அதே விதி. மலையேற்றக் கயிறு தனி ஜாதி.

பை தைக்கும் கடையில் பழைய டிராவல் பேக்கிலிருந்து கழற்றிய பக்கிள் ஒன்று கிடைத்தது. அதே கேன், அதே குலுக்கல், அது விடவில்லை. நல்ல பக்கிளை எப்படி அறிவது? பூட்டும்போது 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். பூட்டிய பின் இரு பாதியையும் திருகினால் இடைவெளி தெரியக் கூடாது. அடிப்பக்கம் மணிக்கட்டுக்கு ஏற்ப வளைந்திருந்தால் எழுதும்போது மேசையில் இடிக்காது. கிட்டில் வந்தவை தட்டையானவை. கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் எரிச்சலாகும். பக்கிளே வேண்டாமென்றால் ஒரு முனையில் உருண்டை முடிச்சு, மறு முனையில் வளையம் என்று பொத்தான் போலப் பூட்டலாம். உறுதிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஒற்றைக் கையால் மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும் என்பது குறை.

'சர்வைவல்' பக்கிளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தீக்கல்லின் மேல் பூசியிருந்த கறுப்பைச் சுரண்டிய பிறகு பொறி வந்தது, உலர்ந்த பஞ்சில் பற்றிக்கொண்டது. விசில் அடுத்த அறைக்குக் கேட்கும். திசைகாட்டிக்கு ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் தேர்வு வைத்தேன். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் தெற்கு நோக்கியது. எதிரே நின்று கோபுரத்தைப் பார்த்தால் நம் முகம் வடக்கில். ஊசி தேரடிப் பக்கமோ கடைப் பக்கமோ தன் இஷ்டத்துக்கு நின்றது, தட்டினால் மாறியது. வழி தெரியாதபோது அதை நம்புவதைவிடப் பூக்காரம்மாவைக் கேட்பது மேல்.

மாட்டிக்கொண்டு புழங்கியதில் தெரிந்தவை: நைலான் நனைந்தால் முதலில் கொஞ்சம் சுருங்கும். பின்னுவதற்கு முன்பே கயிற்றை வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் குளித்து வந்ததும் காப்பு பிடிக்கும். வியர்வை உப்பு முடிச்சுகளுக்குள் தங்கி வெள்ளையாகப் பூத்து நாறும், ஆகையால் அவ்வப்போது சோப்புத் தூளில் ஊறப்போட வேண்டும். முக்கியமாக, சுழலும் இயந்திரத்தருகே வேலை செய்கிறவர்கள் இதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கயிறு அறாது என்பது அங்கே ஆபத்து; எங்காவது சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். விசைத்தறிக்காரர்களுக்கும் கம்பெனி பஸ் ஏறும் தம்பிகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அவசரத்துக்கு அவிழ்க்கலாம் என்ற விளம்பரம் பாதி உண்மை. நுனியை வெட்டி, முடிச்சு முடிச்சாகப் பிரிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். கிடைக்கும் ஒன்பது அடிக் கயிறு, வண்டியில் சரிந்த மூட்டையைக் கட்டவும், அறுந்த செருப்பு வாருக்கு மாற்றாகவும், கூடாரம் இழுத்துக் கட்டவும் உதவும். உள்ளிழை ஒன்றை உருவினால் தைக்கக்கூடச் செய்யலாம். அந்த அளவுக்கு இது பயனுள்ள பொருள்தான்.

'இதைப் பின்னி விற்கலாமா?' என்று ஊரில் பலரும் கேட்டுவிட்டார்கள். பழகிய கைக்கே ஒரு காப்புக்கு அரை மணி நேரம் போகிறது. இணையத்தில் பின்னி முடித்த காப்பு நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கயிறு, பக்கிள், தபால் செலவு போனால் மிஞ்சுவது டீச் செலவு. கைவேலைக்கு இந்த ஊரில் ஏற்கெனவே குறைவாகத்தான் கூலி கிடைக்கிறது, அதைவிடக் குறைந்த ஒன்றைத் தொழிலாக எடுக்கச் சொல்ல மாட்டேன். விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க, கூட்டாளிக்குப் பரிசளிக்க, போனிலிருந்து விரலைப் பிரித்து வைக்க நல்ல வேலை.

கிட் வாங்க வேண்டாம். ஏழு இழை உள்ள நைலான் கயிறு நூறு அடியும், அடிப்பக்கம் வளைந்த 15 மில்லிமீட்டர் பக்கிள் பத்தும் தனித்தனியே வாங்குங்கள். பலகையும் ஆணியும் வீட்டிலேயே இருக்கும்.